ஏணியின் ஒன்பதாம் படி

பிப்ரவரி 4

அண்ணாவுக்கு,

நீ அனுப்பிய கணிதக் காலாண்டிதழ் வந்து சேர்ந்தது. பதினேழாம் பக்கத்தில் அடையாளத்துக்குத் துண்டுச் சீட்டு வேறு வைத்திருந்தாய். அது இல்லாமலே கண்டுபிடித்திருப்பேன். 739391333. ஒன்பது இலக்கமும் அச்சில் நிமிர்ந்து நின்றதைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே சிரித்துவிட்டேன். வரிசையில் முதலில் நின்ற பெரியவர், "என்னம்மா, எனக்கு ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டார்.

கட்டுரையின் தொடக்கம் அழகாக இருக்கிறது. 7 பகா எண். ஒன்றும் தானும் தவிர எதுவும் அதை வகுக்காது. 73-ம் அப்படியே. 739, 7393, 73939, 739391, 7393913, 73939133 எல்லாமே அப்படித்தான். வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக வெட்டிக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவது பகா எண்ணாகவே இருக்கும். எட்டுப் படி ஏணி. ஒன்பதாம் படியும் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். படிக்கிறவர்கள் மூக்கின் மேல் விரலை வைப்பார்கள்.

தலைப்புக்குக் கீழே ஒரே பெயர். உன் பெயர். கடைசி வரியில், "கணக்கீட்டில் உதவிய குடும்பத்தார் ஒருவருக்கு நன்றி."

யார் அந்தக் குடும்பத்தார் ஒருவர்? அண்ணியா? நாலு வருஷம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். இரண்டிலிருந்து இருபத்தேழாயிரம் வரை உள்ள ஒவ்வொரு பகா எண்ணாலும் நம் எண்ணை வகுத்து, மீதி வருகிறதா என்று பார்த்தோம்; அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. ஒற்றைப்படைத் தாள்கள் உனக்கு, இரட்டைப்படைத் தாள்கள் எனக்கு. தாளுக்கு முப்பது வகுத்தல். தன் தாளை முடிப்பவர் அடுத்த தாளின் தலையில் எந்தப் பகா எண்ணில் தொடங்க வேண்டும் என்று எழுதி எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வகுத்தல்கள். அதில் பாதி என் விரல்கள் போட்டவை. எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று என் பங்குத் தாள்களை நானே கட்டி எடுத்து வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மீதிகளின் பட்டியலை மட்டும் உனக்கு அழகாகப் படியெடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததுதான் தப்பு போலிருக்கிறது.

நான் வாயாடி என்று நீதான் பெயர் வைத்தாய். அதனால் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று எதிர்பார்க்காதே.

தங்கை

*

பிப்ரவரி 12

வாயாடிக்கு,

திட்டு. உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டு.

போன ஆகஸ்டில் எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அண்ணிக்கு நான்தான் வாய்ப்பூட்டு போட்டேன். பதினோரு வருஷமாகத் துறைமுக எடைமேடையில் சிமெண்ட் லாரிகளை நிறுத்து அனுப்புகிறேன். அந்தத் தூசி என் நெஞ்சில் குடியேறிவிட்டது. "இந்த வேலைய விட்டுடுங்க, இல்லன்னா வேலையே உங்கள விட்டுடும்" என்றார் டாக்டர். லாரிக்காரர்கள் இன்னமும் "கிராம் வந்துட்டார்டா" என்று கேலி செய்கிறார்கள். கிராம் கணக்கில் சண்டை போடுகிறவனுக்கு இரண்டு மாடி ஏற மூச்சு இல்லை.

கட்டுரையை அனுப்பிய பிறகுதான் காலாண்டிதழை நடத்தும் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரியில் கணக்கீட்டு அறை ஒன்று திறக்கிறார்கள். கண்ணாடி ஜன்னல், சுத்தமான மேசை, கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம் நான்கு. பட்டம் இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை; ஆனால் இப்படி ஒரு முடிவைக் கண்டவன் என்றால் குழு சம்மதிக்கும் என்றார். "இது நீங்க தனியா பண்ணதுதானே?" என்று கேட்டார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. "ஆமா சார், வீட்ல கொஞ்சம் உதவினாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் நூறு வகுத்தல்களை அங்கங்கே எடுத்துச் சரிபார்த்தார்கள். நூறும் சரி. மார்ச் 20-ம் தேதி குழுவின் முன்னால் பேச வேண்டும். ஏப்ரல் முதல் தேதி வேலை. அதற்குப் பிறகு உன் பெயரை எங்கே வேண்டுமானாலும் போடச் சொல்கிறேன். இப்போது பொறுத்துக்கொள்.

அண்ணன்

*

பிப்ரவரி 25

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க மாத்திரை எண்ணும்போதெல்லாம் கண் கலங்கியது. எக்ஸ்ரேவைப் பற்றி என்னிடம் மறைத்ததற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும். அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது எழுதப்போவதை உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

உன் மேல் இருந்த ஆத்திரத்தில், என் பங்கு எவ்வளவு என்று உனக்கு எண்ணிக் காட்டலாம் என்றுதான் கட்டைப் பிரித்தேன். பகா எண் அட்டவணையை ஒரு பக்கம் வைத்து, என் தாள்களை ஒரு பக்கம் வைத்து, வரி வரியாக டிக் போட்டுக்கொண்டு வந்தேன். வெகுதூரம் போகவில்லை, அண்ணா. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

உன் முதல் தாள் 2-ல் தொடங்கி 113-ல் முடிகிறது. சரியாக முப்பது. என் இரண்டாம் தாள் 131-ல் தொடங்குகிறது. நடுவில் 127 இருக்கிறது. அதை நீயும் வகுக்கவில்லை, நானும் வகுக்கவில்லை.

வகுத்தேன். 5821979 தடவை போகிறது. மீதி பூஜ்யம். பேனாவை மாற்றிப் போட்டேன். பெருக்கியும் பார்த்தேன். பக்கத்து ஜன்னலில் இருக்கும் அக்காவிடம் எதற்கென்று சொல்லாமல் போடச் சொன்னேன். "பூஜ்யம்தான் வருது, ஏன் உன் மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றார்.

நம் எண் பகா எண் இல்லை. இது நம் பிழை. இருபத்தேழாயிரம் வரைக்கும் ஏறி இறங்கிய நாம் வாசற்படியிலேயே ஒன்றைத் தாண்டி வந்திருக்கிறோம்.

மார்ச் 20-க்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தங்கை

*

மார்ச் 1

உன் கடிதம் கிடைத்தது.

பெயர் போடவில்லை என்றதும் எண்ணையே இல்லாமல் செய்துவிடலாம் என்று கிளம்பிவிட்டாய். நன்றாக இருக்கிறது. குழுவின் முன்னால் நிற்க மூன்று வாரம் இருக்கும்போது வந்து பூஜ்யம் என்கிறாய். பேராசிரியரின் ஆட்கள் நூறு எடுத்துப் பார்த்ததில் தெரியாத ஓட்டை உன் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததா? உன் அண்ணிக்கு இதைப் படித்துக் காட்டினேன். அவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். நீ திருப்தியாக இரு.

*

மார்ச் 2

நேற்று எழுதிய கடிதத்துக்கு முன்னால் இது கிடைத்தால் அதைப் பிரிக்காதே. கிழித்துப் போட்டுவிடு.

எடைமேடையில் ஒரு ரசீதின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். லாரி ஒன்று ஏறி நிற்கிறது, ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், நான் எடை பார்க்காமல் வகுத்துக்கொண்டிருக்கிறேன். பூஜ்யம்தான்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாருக்குத் தெரியும் இது? உனக்கும் எனக்கும். பக்கத்து ஜன்னல் அக்காவுக்கு எதற்கென்று தெரியாது. அவ்வளவுதானே?

*

மார்ச் 6

அண்ணா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் படித்தேன். முதலாவதைக் கிழிக்கவில்லை, அது என்னிடம் இருக்கட்டும்.

"அவ்வளவுதானே?" என்று கேட்டிருந்தாய். 127 சின்ன எண். ஒரு மழை நாளில் வேலையில்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அப்போது நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். அதைவிட இப்போதே சொல்லிவிடுவது மேல்.

தலை குனிந்தும் சொல்ல வேண்டாம். 73939133-க்குப் பின்னால் இரட்டைப்படை இலக்கமோ ஐந்தோ போட்டால் பேச்சே இல்லை. 1-ஓ 7-ஓ போட்டால் மூன்று வகுத்துவிடும். 9 போட்டதை முதல் வருஷமே உடைத்தோம். மிச்சமிருந்த 3-ஐ 127 உடைத்துவிட்டது. அப்படியென்றால் இந்த ஏணி எட்டோடு முடிகிறது, இதன் மேல் இனி யாரும் ஒரு படி வைக்க முடியாது என்று நாம் நிரூபித்திருக்கிறோம். ஒன்பதாம் படி இருக்கிறது என்று தேடிப் போனோம், இல்லை என்று தெரிந்துகொண்டு வந்தோம். இதுவும் விடைதான். இதை வைத்தே பேராசிரியரிடம் பேசு. பேசத் தெரியாதவனா நீ?

இருமல் எப்படி இருக்கிறது? சளியில் இரத்தம் தெரிந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் நேரே டாக்டரிடம் போ.

தங்கை

*

மார்ச் 22

வாயாடிக்கு,

நல்ல செய்தி. இருபதாம் தேதிக்கு முந்தின நாளே பேராசிரியரைப் பார்த்து 127-ஐச் சொல்லிவிட்டேன்.  பிறகு நீ எழுதியிருந்ததைத்தான் சொன்னேன், ஏணி எட்டோடு முடிகிறது என்பதை. அவர் முகம் தெளிந்துவிட்டது. குழுவிலும் அதையே பேசினேன். வேலை உறுதி. ஒன்றாம் தேதி சேர்கிறேன்.

ஏதேதோ கேட்டார்கள், நானும் ஏதேதோ சொன்னேன். அடுத்த இதழோடு திருத்தச் சீட்டு ஒன்று வைப்பார்களாம். அது வெறும் சம்பிரதாயம். அதைப் பற்றி நீ மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. உன் அண்ணி சந்தோஷமாக இருக்கிறாள். அவசரமாக எழுதுகிறேன், எடைமேடையில் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

அண்ணன்

*

ஏப்ரல் 19

அண்ணன் அவர்களுக்கு,

திருத்தச் சீட்டு வந்தது. ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்ததால் எங்கள் தலைமை மருந்தாளுநர் பிரித்துவிட்டார். அதில் உள்ளபடியே எழுதுகிறேன்: "இரண்டாம் தாளைக் கணக்கிட்ட கட்டுரையாளரின் தங்கை கவனக்குறைவால் 127 என்னும் பகா எண்ணை விட்டுவிட்டார். கட்டுரையாளரின் சொந்தக் கணக்கீட்டில் பிழை ஏதும் இல்லை." தங்கை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் முழுப் பெயர் இருக்கிறது. என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை.

"மாத்திரையையாவது விடாம எண்ணுவீங்கள்ல?" என்றார் தலைமை மருந்தாளுநர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மறுநாளிலிருந்து நான் கட்டிய பொட்டலங்களை இன்னொருவர் எண்ணிப் பார்க்கிறார்.

இத்துடன் இரண்டாம் தாளை வைத்திருக்கிறேன். இதுதான் மூலம், படி எதுவும் எடுக்கவில்லை. தலையைப் பாருங்கள். "131 முதல்" என்று எழுதியிருக்கிறது. ஒன்றுக்குக் கொக்கி, மூன்றுக்குத் தட்டையான தலை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு எடை ரசீதிலும் உங்கள் கை போடும் ஒன்றும் மூன்றும் அவை. 113-ஐ முடித்துவிட்டு, அடுத்தது 131 என்று எழுதி என் பக்கம் தள்ளியது நீங்கள்.

நான் இதைப் பிப்ரவரியிலேயே பார்த்தேன். "இது நம் பிழை" என்று எழுதினேன். நெஞ்சில் தூசி வைத்துக்கொண்டு நாற்காலிக்காகக் காத்திருக்கும் மனிதரிடம் "உங்கள் பிழை" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தந்ததை வாங்கிச் சரிபார்க்காத குற்றம் எனக்கும் உண்டு என்றே நினைத்தேன். நான் விட்டுக்கொடுத்த அந்த இடத்தை நீங்கள் பயன்படுத்திக்கொண்டீர்கள்.

பெயரே போடாதபோதுகூட எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அசிங்கமாக இருக்கிறது.

*

ஏப்ரல் 25

தங்கைக்கு,

தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஐந்து தடவை வெளியே எடுத்தேன். என் எழுத்துத்தான்.

அன்று பேராசிரியர் கேட்டது இதுதான்: "ரெண்டாவது தாள் யார் போட்டது?" என் தங்கை என்றேன். அது பொய் இல்லையே. "அப்ப உங்க வேலைல தப்பு இல்ல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தலையில் யார் எழுதியது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காததற்கு எப்படிப் பதில் சொல்வது என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் எழுதியிருப்பேன் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

இங்கே வந்து இருபத்தைந்து நாள். மாடிப்படி ஏறினால் மூச்சு நிற்கிறது. அதாவது, என்னோடு நிற்கிறது, ஓடிப்போவதில்லை. இருமல் காலையில் மட்டும். உன் அண்ணி விட்டுப்போன தூக்கத்தையெல்லாம் இப்போது தூங்குகிறாள்.

ஒன்று கேட்கிறேன். தாளைத் திருப்பி அனுப்புகிறேன், நீயே பேராசிரியருக்கு எழுது. நான் மறுக்க மாட்டேன். கேட்டால் உண்மை என்று சொல்வேன். நானாகப் போய்ச் சொல்லக் கால் வரவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன், இரண்டு தடவை.

அண்ணன்

*

ஏப்ரல் 30

தாளை அனுப்ப வேண்டாம். நான் எழுத மாட்டேன்.

நான் எழுதினால், தங்கை அண்ணனின் வேலையைப் பறித்தாள் என்றாகும். நீங்கள் போகாவிட்டால், நானும் அண்ணியும் ஆயுள் முழுக்க இதை விழுங்கிக்கொண்டு உங்களோடு பேச வேண்டும். இரண்டில் எதையும் நான் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. போவதும் போகாததும் உங்கள் பாடு.

உங்கள் மூச்சு சீரானதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதைச் சொல்வதற்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

*

மே 13

தங்கைக்கு,

நேற்றுப் போனேன். காலையிலேயே போய்விட்டேன், யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்று.

தாளை மேசைமேல் வைத்து, பக்கத்தில் என் பழைய எடை ரசீது இரண்டை வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கணக்கில் கெட்டிக்காரர் அல்லவா, நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது உங்க எழுத்து."

"ஆமா சார்."

"யார் குடுத்தா இந்தத் தாள?"

"தங்கச்சி."

"அவங்க நேரா எனக்கே அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருக்கலாம் சார். அனுப்பல."

அவர் ரசீதுகளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஒரு எண்ண விட்டதுக்காக யாரும் உங்கள வெளிய அனுப்ப மாட்டாங்க. அது எனக்கும் நடக்கும். ஆனா அந்தப் பொண்ணு பேர நாமதான் அச்சடிச்சோம்" என்றார்.  எனக்கு இருமல்கூட வரவில்லை, அது வந்திருந்தாலாவது முகத்தை மூடிக்கொண்டிருப்பேன்.

புதிய திருத்தம் அடுத்த இதழில் வருகிறது. அதை என்னையே எழுதச் சொன்னார், அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 131 என்று தலையில் எழுதியது நான். 127-ஐக் கண்டுபிடித்தது நீ. ஏணி எட்டோடு முடிகிறது என்று முதலில் சொன்னதும் நீ. கட்டுரை இனி இரண்டு பேருடையது. உங்கள் தலைமை மருந்தாளுநருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன்.

குழு மறுபடி கூடி முடிவு செய்யும் வரை என்னை வர வேண்டாம் என்றார். எப்போது கூடும் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் சொன்னேன். உன் அண்ணி அழவில்லை. "அவகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எடைமேடைக்கு ஆள் தேவைப்படுகிறதாம். திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இத்தனையும் எழுதிவிட்டேன்.

அண்ணன்

*

மே 17

அண்ணா,

எடைமேடைக்குப் போகாதே. திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக் கிடங்கில் இருப்புப் பதிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். மாடி இல்லை, தூசி இல்லை. கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. நாளைக்குக் கேட்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்னமும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் அதே தலைமை மருந்தாளுநரிடம்தான் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ரயில் பதினொன்றரைக்கு. ஸ்டேஷனுக்கு வராதே, நீ நடக்க வேண்டாம். அண்ணியிடம் சொல்லிவிடு.

என் கோபம் போகவில்லை. போகும் என்று காத்திருந்தால் உன் நெஞ்சு காத்திருக்காது. அதனால் கோபத்தோடுதான் வருகிறேன்.

தங்கை